கடல் இல்லாத ஊரில் முப்பத்தோரு கேப்டன்கள்

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பார்கள். நான் வேலை பார்க்கும் உறையில் முப்பத்தோரு கத்திகள் இருக்கின்றன.

கப்பல் கேப்டன்கள் சங்கம். அதிலும் மூத்த கேப்டன்கள் மட்டும்தான் உறுப்பினர்கள். சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல் என்று இருபது முப்பது வருஷம் உலகத்தைச் சுற்றியவர்கள். பாதிப் பேர் ரிட்டயர் ஆகிவிட்டார்கள், பாதிப் பேர் இன்னும் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். நான் ஸ்டெல்லா. ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் பி.ஏ.வாகக் குப்பை கொட்டிவிட்டு, ரிட்டயர் ஆனபிறகு வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாமல் இங்கே வந்து மாட்டிக்கொண்டவள். சங்கம், கிளப், காலனி அசோசியேஷன் என்று ஏதாவது ஒன்றில் ஆபீஸ் வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால், பாதியிலேயே எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொள்வீர்கள். பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

மாடிப்படி

எங்கள் ஆபீஸ் மாரெட்பள்ளியில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல் மாடி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தப்பாக மேலே ஏறி வருகிறவர்களைக் கீழே அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி. ஹைதராபாத்தில் எதற்குக் கேப்டன்கள் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. விசாரித்தால் விஷயம் சுலபம். கேப்டனுக்கு வீட்டுப் பக்கத்தில் கடல் தேவையில்லை, ஏர்போர்ட்தான் தேவை. கடலை அவர்கள் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாகிவிட்டது.

முதல் நாள் என்னை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர், நங்கூரம் போட்ட பெயர்ப்பலகையை நிதானமாகப் படித்தார். மீட்டரை அணைத்தார். உருது பாதி தெலுங்கு பாதியாக அவர் கேட்டதை நம் தமிழில் சொன்னால் இப்படி: "இத்தனை கேப்டன் எதுக்கு மேடம்? ஹுசேன் சாகர் ஏரில நாலு படகுதானே ஓடுது?"

ஓட்டெடுப்பு

கப்பலில் கேப்டன் ஒரு வார்த்தை சொன்னால் அதோடு சரி, ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்படியே பழகிவிட்டவர்களை ஒரே அறையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்திப் பாருங்கள், தெரியும். வருடாந்தர விருந்து மதியமா சாயங்காலமா என்பதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. தலைவர் கேப்டன் நரசிம்மன் எதைச் சொன்னாலும் கேப்டன் ரெட்டி 'நக்கோ' என்பார். வேண்டாம் என்று அர்த்தம். ரெட்டி சார் சென்னையில் பத்து வருஷம் இருந்தவர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் மறுப்பதற்கு மட்டும் அவருக்கு சிகந்தராபாத் பாஷைதான் வேண்டும்.

பொறுத்துப் பார்த்து நான் வாயைத் திறந்தேன். "சார், கையைத் தூக்குங்க, எண்ணிடறேன்" என்றேன். ஒருத்தர் கையும் எழவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கை தூக்குவதா என்று எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நரசிம்மன் சார் மட்டும் பெரிய மனசு பண்ணி விளக்கினார்: "ஸ்டெல்லா மேடம், கப்பல்ல நான் ஓட்டெடுப்பு நடத்தியிருந்தா, இன்னைக்கும் சிங்கப்பூரைத் தாண்டியிருக்க மாட்டேன்."

குகட்பள்ளியிலிருந்து

இதெல்லாம் சிரிக்கிற கதை. வித்யா வந்த நாளிலிருந்து எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் வீடு, தனியார் பள்ளியில் டீச்சர், ஒரு பெண் குழந்தை. கணவர் கேப்டன் சுந்தர் எங்கள் உறுப்பினர்களிலேயே வயதில் சின்னவர். அவர் ஓட்டிப் போன பழைய சரக்குக் கப்பலை முதலாளி ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் அப்படியே கைவிட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டான். மாலுமிகளை ஊருக்கு அனுப்பியாயிற்று. ஆனால் கப்பல் ஏலம் போகும்வரை பொறுப்புக்கு ஒருத்தர் அதிலேயே இருக்க வேண்டும் என்று அந்த ஊர் கோர்ட் சொல்லிவிட்டது. கோர்ட் உத்தரவை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் கேப்டன். ஆகவே அவர் இறங்க முடியாது. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலில், பதினோரு மாதமாக ஒற்றை ஆள். வாரம் ஒரு படகு சாப்பாடும் தண்ணீரும் கொண்டுவரும், அவ்வளவுதான்.

வித்யா அழவில்லை. நோட்டுப் புத்தகம் திருத்துகிற டீச்சர் மாதிரி வரிசையாகச் சொன்னாள். தினமும் போன் வருகிறதல்லவா, தைரியமாக இருக்கிறார் அல்லவா என்று நான் கேட்டேன். அதற்குத்தான் கொஞ்சம் தயங்கினாள். "முன்னாடியெல்லாம் பொண்ணு என்ன படிக்கறா, என்ன சாப்பிட்டான்னு கேப்பார். இப்போ நங்கூரச் சங்கிலியைப் பத்தி மட்டும்தான் பேசறார் ஆன்ட்டி."

பதினோரு வரைவுகள்

அவரை இறக்கியே தீருவது என்று அன்றைக்கே முடிவாயிற்று. சங்க வரலாற்றில் முதல்முறையாக ரெட்டி சார் 'நக்கோ' சொல்லவில்லை. அந்த ஊரிலேயே இருக்கிற ஒரு கப்பல் ஏஜென்ட்டைப் பொறுப்பில் வைத்துவிட்டு இவரை அனுப்புங்கள் என்று கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் ஊரில் இருந்தவர்கள் நேரிலும், கப்பலில் இருந்தவர்கள் மெயிலிலுமாக முப்பது பேரும் முப்பது பேனாவை எடுத்தார்கள். நான் டைப் அடித்தது பதினோரு வரைவுகள். ஒவ்வொருத்தரும் சுந்தரின் பெருமையில் ஒரு வாக்கியம் சேர்த்தார்கள். எப்பேர்ப்பட்ட திறமைசாலி, ஒற்றை ஆளாகக் கப்பலை எப்படிக் கட்டிக் காக்கிறார், புயலிலும் அசையாதவர். படிக்கும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. என்னவோ இடிக்கிறதே என்றும் தோன்றியது. சொல்லாமல் இருந்துவிட்டேன், அது என் தப்பு.

பதில் நாலே வரிதான். இவ்வளவு திறமையான கேப்டன் இருக்கும்போது ஆளை மாற்ற அவசியம் என்ன என்று கேட்டிருந்தார்கள். கூடவே, அவருடைய தினசரி அறிக்கைகளையும் பார்த்தோம், ஒரு குறையும் இல்லையே என்று. கூடவே நகல் வைத்திருந்த அந்த அறிக்கையை அப்போதுதான் நான் பார்த்தேன். கேப்டன்கள் தினமும் மத்தியானம் எழுதுவது, முதலாளி ஓடிப்போனபிறகு சுந்தர் அதைக் கோர்ட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கப்பல் எங்கே நிற்கிறது, காற்று எப்படி, எண்ணெய் எவ்வளவு என்றெல்லாம் எழுதிக் கடைசி வரியில் 'எல்லாம் நலம்' என்று முடிப்பது வழக்கமாம். சுந்தர் பதினோரு மாதமும் ஒருநாள் விடாமல் அப்படியே முடித்திருக்கிறார். கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு ரெட்டி சார் சொன்னார்: "நாமளே பூட்டைப் போட்டு, சாவியையும் அவங்ககிட்ட குடுத்துட்டோம்."

போன்

நானே சுந்தருக்குப் போன் போட்டேன். மத்தியான நேரம். மனுஷர் குரல் பாலீஷ் போட்ட ஷூ மாதிரி இருந்தது. ஜெனரேட்டர் இரண்டு மணி நேரம் ஓடுகிறது மேடம், குடிதண்ணீர் இத்தனை டன் இருக்கிறது மேடம் என்று ஒப்பித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சார், நான் ஜெனரேட்டரை விசாரிக்கலை. உங்களை விசாரிக்கறேன். சாப்பிடறீங்களா, தூங்கறீங்களா, அதைச் சொல்லுங்க. சொல்ற வரைக்கும் வைக்க மாட்டேன், பில் சங்கத்தோடது" என்றேன்.

குரலில் பாலீஷ் போய், மெதுவாகப் பேசினார். முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் தனக்கு அடுத்த அதிகாரியான சீஃப் ஆபீசரிடம் அரைமணி நேரம் வேலை சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த ஆள் ஊருக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது என்பது எழுந்து கைகழுவும்போதுதான் உறைத்ததாம். இதை அப்படியே அறிக்கையில் எழுதுங்கள் சார், ஒரே வாரத்தில் இறங்கிவிடலாம் என்றேன். அவர் பதறிப்போய்ச் சொன்னார்: "ஐயோ மேடம், இதை எங்கேயும் எழுதிடாதீங்க. வித்யாகிட்டயும் சொல்லிடாதீங்க."

டீ கிடையாது

அவர் சொன்னதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவசரக் கூட்டம் போட்டேன். தலைவரைக் கேட்காமல் கூட்டம் போட்டது அதுதான் முதல்முறை. ஊரில் இருந்தவர்கள் எல்லோரும் வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். உயிர் போனாலும் ஒரு கேப்டன் தனக்கு முடியவில்லை என்று ஏன் எழுத மாட்டார்? நரசிம்மன் சார்தான் பதில் சொன்னார். "முடியலைன்னு எழுதின கேப்டனுக்கு அடுத்த கப்பல் கிடைக்காது மேடம்." நானும் விடவில்லை. "இந்தக் கப்பல்லேருந்து இறங்கினாத்தானே சார் அடுத்த கப்பல்?" என்றேன்.

ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தேன். உங்களுக்கு உள்ளே ஒன்றுமே நலமில்லாதபோது 'எல்லாம் நலம்' என்று எழுதின நாள் ஒன்றிருக்கும், அதை எழுதுங்கள் என்றேன். கேப்டன் எழுதுகிற அந்த வரியை நம்பாதீர்கள் என்று கேப்டன்கள் சொன்னால்தான் கோர்ட் கேட்கும், நான் சொன்னால் கேட்குமா? பத்து பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். இது மானப் பிரச்சினையாம். நான் கதவைச் சாத்தி அதன் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "எழுதற வரைக்கும் டீ கிடையாது சார்" என்றேன். அறுபது வயசுக்கு மேல் எனக்கு அப்படி ஒரு பிடிவாதம் எங்கிருந்து வந்ததோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

முதலில் எழுதினவர் ரெட்டி சார். ஆறே வரி. நடுக்கடலில் இருக்கும்போது அப்பா செத்துப்போன செய்தி வந்திருக்கிறது. மூன்று வாரம் தினமும் கேபின் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அழுதிருக்கிறார். தினமும் மத்தியானம் முகம் கழுவிவந்து 'எல்லாம் நலம்' என்று எழுதியிருக்கிறார். தாளை என் கையில் கொடுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "என் வீட்டுக்காரிக்கே இது தெரியாது மேடம். டைப் அடிக்கும்போது ஸ்பெல்லிங் மட்டும் பாத்துக்கோங்க."

கடைசி வரி

கப்பலில் இருந்தவர்கள் மெயிலில் அனுப்பியதையும் சேர்த்து, சாயங்காலத்துக்குள் இருபத்தாறு தாள்கள் சேர்ந்தன. அவற்றை டைப் அடித்தபோது நான் எத்தனை தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன் என்று கேட்காதீர்கள். கோர்ட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், எழுதினவர்களின் சம்மதத்தோடு, சுந்தருக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். நரசிம்மன் சாருடையது வந்தபோது மட்டும் சுந்தர் "அவரா? அவரே எழுதினாரா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மறுநாள் மத்தியான அறிக்கையின் நகல் எங்களுக்கும் வந்தது. காற்று, எண்ணெய், தண்ணீர் எல்லாம் வழக்கம்போல. கடைசி வரி மட்டும் வேறு: 'கப்பல் நலம். நான் நலமில்லை.' கீழே சீஃப் ஆபீசர் விஷயத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த வாரமே ஒரு டாக்டர் கப்பலுக்குப் போனார். மூன்றாவது வாரம் அந்த ஊர் ஏஜென்ட் பொறுப்பை எடுத்துக்கொள்ள, சுந்தரை இறக்கிவிட்டார்கள். நகலை வித்யாவிடம் காட்டச் சொல்லி அவரே போனில் சொல்லியிருந்தார். அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பயமாத்தான் இருக்கு ஆன்ட்டி. ஆனா பதினோரு மாசத்துல இதுதான் அவர் பேசற மாதிரி இருக்கு."

வந்தவர்

வந்து ஒரு மாதம் கழித்து சுந்தர் கூட்டத்துக்கு வந்தார். இளைத்துப்போயிருந்தார். இனிமேல் அவருக்குக் கப்பல் கிடைக்குமா என்பது சந்தேகம்தான், அது அவருக்கும் தெரியும். கேப்டன்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நரசிம்மன் சார் தோளில் தட்டி, "எப்படிய்யா இருக்கே?" என்று கேட்டார். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

சுந்தர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தூக்கம் வரலை சார். அறைக்கதவைச் சாத்தினா பயமா இருக்கு" என்றார். கைதட்டல் நின்றுபோயிற்று. அத்தனை பெரிய மனிதர்களுக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ரெட்டி சார்தான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருப்பா. எனக்கும் தூக்கம் வந்து ஒன்பது வருஷமாச்சு. யாருமே கேக்கலை, அதான் சொல்லலை."

கடலைச் சினிமாவில் மட்டும் பார்த்த என்னைக் கேட்டால், ஒரு கேப்டனைக் கப்பலிலிருந்து இறக்குவதுகூட சுலபம்தான், அவர் வாயிலிருந்து 'முடியலை' என்ற ஒற்றை வார்த்தையை இறக்குவதற்குத்தான் முப்பது கேப்டன்களும், இருபத்தாறு தாள்களும், டீ கொடுக்க மறுக்கிற ஒரு பொம்பளையும் தேவைப்படுகிறார்கள்.