சீசருக்கு முதுகு காட்டிய வளைகாப்பு

வீரசோழன் ஊர்க்காரர் ஹபீப் ரகுமான் நாய்களைப் பழக்குகிறவர். அவர் ஒரு நாயைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

சங்கிலியைப் பிடிக்க மாட்டார். தலையைத் தடவ மாட்டார். பிஸ்கட்டை ஊட்டாமல் தரையில் போடுவார். நாய் பாய்ந்து வந்தால் கைகளைக் கட்டிக்கொண்டு, திரும்பி நின்று, எதிர்ச் சுவரில் என்னமோ எழுதியிருப்பதுபோல் படித்துக்கொண்டிருப்பார். முதல்முறை பார்ப்பவர்களுக்கு, நாய்க்குப் பயந்த ஆளைக் கூட்டி வந்துவிட்டோமோ என்று தோன்றும். பயந்த ஆள்தான். ஆனால் பயம் நாயிடம் இல்லை, மனைவியிடம்.

டிரைவர் விசாவில் அல் ஐனுக்குப் போனவர் அவர். அங்கே முதலாளி கார் சாவிக்குப் பதிலாகத் தன் சலூக்கி நாய்களை ஒப்படைத்தார். ஒட்டின வயிறு, நீளக் கால், கூர்த்த மூஞ்சி. நம் பக்கத்துச் சிப்பிப்பாறை வேட்டைநாய்க்கு அரபு நாட்டில் வாக்கப்பட்ட அக்கா மாதிரி இருக்கும். வித்தியாசம் அகம்பாவத்தில்தான். கூப்பிட்டால் வராது. முதுகைக் காட்டிக்கொண்டு மணல்மேட்டைப் பார்க்கும். ஹபீப் பேரீச்சம்பழத்தோடு அதன் பின்னாலேயே அலைவார். தன்னைக் கண்டுகொள்ளாதவன் பின்னால்தான் எந்த உயிரும் அலையும் என்ற பாடத்தை அவர் அங்கே கற்றார். மாணவர் அவர், வாத்தியார் நாய்.

முதலாளி பண்ணையை விற்றதும் ஹபீப் ஊர் திரும்பினார். இனி எங்கேயும் போவதில்லை, நாய் பழக்கியே பிழைத்துக்கொள்வேன் என்றார். மனைவி ரஹ்மத் நிஷா அடுக்களையிலிருந்து வந்து நின்றார். குறைவாகவே பேசினார்.

"தொழுகிற வீடு இது. நாயி எச்சி பட்டா ஏழு தடவை கழுவணும், அதுல ஒரு தடவை மண்ணு போட்டு. தண்ணி லாரி வாரத்துக்கு ஒருக்கத்தான் வருது. தெரியுமில்ல?"

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டார்கள். வேலைக்காகப் பழக்குவதில் குற்றமில்லை, எச்சில் பட்டால் மட்டும் கழுவிக்கொள் என்றார் அவர். ஹபீப் 'குற்றமில்லை' என்பதைப் பிடித்துக்கொண்டார். ரஹ்மத் நிஷா 'கழுவிக்கொள்' என்பதைப் பிடித்துக்கொண்டார். கொல்லையில் கொஞ்சம் கரிசல் மண்ணைச் சலித்துக் குவித்து, பக்கத்தில் ஒரு வாளியையும் வைத்தார். மண் எடுப்பது, கழுவுவது, தண்ணீர் ஊற்றிக்கொள்வது எல்லாம் அவரவர் பாடு. அந்தக் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் ஹபீபுக்குக் கைகள் தாமாகவே மார்பில் கட்டிக்கொள்ளும். அவருடைய பயிற்சி முறை இப்படித்தான் பிறந்தது. புத்தகம் படித்தவர்கள் இதே முறையைப் படமெல்லாம் போட்டு விளக்குகிறார்கள் என்பது பின்னால்தான் அவருக்குத் தெரிய வந்தது. அவர்களுக்கும் ரஹ்மத் நிஷா மாதிரி யாராவது வாய்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பரளச்சியில் பஸ்ஸை விரட்டும் நாய் ஒன்றைத்தான் முதலில் சரிசெய்தார். தூரத்தில் ஹாரன் கேட்டதும் வீட்டுக்குள் கறித்துண்டு விழும்படி ஏற்பாடு. கொஞ்ச நாளில் பஸ் வந்தால் நாய் ரோட்டைவிட்டு வீட்டுக்குள் ஓடியது. டிரைவர் ஹாரன் அடித்தே பாராட்டினார். ஆனால் அதற்கப்புறம் அழைப்பு அதிகம் வரவில்லை. நாயைப் பழக்க ஆள் வைப்பது என்பது இந்தக் கரிசல் பக்கத்தில் காக்காய்க்கு டியூஷன் வைப்பது போன்ற விஷயம். மச்சினன் சாதிக் ஷார்ஜாவிலிருந்து விடாமல் வாய்ஸ் மெசேஜ் போட்டான். "மச்சான், சூப்பர் மார்க்கெட்ல ஸ்டோர் வேலை. ஏசி ரூமு. ஒரு வார்த்தை சரின்னு சொல்லுங்க, விசா அடிச்சிரலாம்."

அந்த நேரத்தில்தான் அருப்புக்கோட்டை அசோக் கூப்பிட்டார். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். குடோன் காவலுக்கென்று ஒரு லாப்ரடார் குட்டி வாங்கி, கம்பீரமாகச் சீசர் என்று பெயர் வைத்தார். சீசர் குடோனுக்கு வருகிற எவரையும் நக்கி வரவேற்றது. திருடன் வந்திருந்தால் எடை மிஷின் இருக்கிற இடத்தையும் காட்டிக்கொடுத்திருக்கும். அதனால் பதவியிறக்கப்பட்டு வீட்டுக்கு வந்தது. வீட்டிலும் அதே அன்பு. யார் வந்தாலும் முன்னங்கால் இரண்டையும் தூக்கி மார்பில் வைத்து முகத்தை நக்கும்.

அசோக்கின் மனைவி சுகப்பிரியாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்குத் தேதி குறித்தாயிற்று. அசோக்கின் அம்மா ராமலட்சுமி ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: "அன்னைக்கு அது ஒரு பொம்பளை சேலையில கால வச்சாலும், மறுநா லோடு வண்டியில ஏத்தி காரியாபட்டி தோட்டத்துக்கு அனுப்பிருவேன்." சுகப்பிரியா சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சீசரைக் குட்டியிலிருந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது அவர்.

"ஆடாம அசையாம உக்காரும், இன்ஷா அல்லாஹ்" என்று ஹபீப் வாக்குக் கொடுத்தார். எல்லோரிடமும் அன்பு வைக்கும் நாயை அவர் வாழ்க்கையில் பழக்கியதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது ரஹ்மத் நிஷா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார்.

"வளைகாப்புக்கு நம்மளையும் கூப்பிட்டிருக்காகளா?"

"ரெண்டு பேரையும்."

"நானும் வாரேன். ஊரே பாத்துக்கிட்டிருக்கப்போ அந்த நாயி மேல விழாம நின்னுச்சுன்னா, உங்க தொழில நான் ஒத்துக்கிறேன். விழுந்துச்சு, சாதிக்குக்குச் சரின்னு போன் போட்டிருவேன். பொறவு மூஞ்சியத் தூக்கி வைக்கப்படாது."

ஹபீபுக்கு ஷார்ஜாவின் ஏசி அறையை நினைத்ததுமே குளிரெடுத்தது.

முதல் நாள் அசோக் வீட்டில் அவர் ஒன்றும் செய்யவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அசோக் உள்ளே வந்தார். சீசர் பாய்ந்தது. "ஏலே, இறங்குலே!" என்று கத்தி, இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார். நாய்க்கு அது மல்யுத்தம். வாலை ஆட்டிக்கொண்டு இன்னொரு ஆட்டத்துக்கு வந்தது. சுகப்பிரியா வந்தார். பாய்ந்தது. "வேணாண்டா செல்லம்" என்று தலையைத் தடவினார். கடைசியாக ராமலட்சுமி வந்தார்.

"சனியனே! மூதேவி! கீழ இறங்கு!" என்று தெருமுனை வரை கேட்கும்படி வைதார். வைதுகொண்டே கையிலிருந்த முறுக்கில் ஒரு துண்டை ஒடித்து அதன் வாயில் போட்டார். நாய் இறங்கி முறுக்கைத் தின்றது. "இப்படி ஏதாச்சும் குடுத்தாத்தான் இது போவுது பாய். இல்லாட்டி என்னைய உருட்டிரும்."

ஹபீப் எழுந்துவிட்டார். இந்த வீட்டில் சீசருக்கு ஏற்கெனவே ஒரு பயிற்சியாளர் இருக்கிறார், அதுவும் திறமையானவர். நாயை விரட்ட நினைப்பவரேதான் அதற்குப் பாயக் கற்றுக்கொடுத்தவரும். இதைப் பஜாரே மரியாதை வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

"அம்மா, நான் வரவேண்டிய அவசியமே இல்லை. இந்த நாய்க்கு வாத்தியார் நீங்கதான்."

"நானா? நான் என்னத்தக் கத்துக்குடுத்தேன்?"

"மேல விழுந்தா முறுக்குன்னு கத்துக்குடுத்திருக்கீக. அது ஒரு நாளும் தப்பாச் செய்யலை. நீங்க முறுக்கு குடுத்து இறக்குறதா நினைக்கிறீக. அது, ஏறினதுக்குக் கூலின்னு நினைக்குது. உங்க புள்ளை கத்துறதும் அதுக்கு வெளையாட்டு, மருமக தடவுறதும் சன்மானம். வீடு பூராவும் சேந்து அதுக்குச் சம்பளம் குடுக்குறீக."

சுகப்பிரியா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ராமலட்சுமியின் முகம் சிவந்தது. ஆனால் வாத்தியார் என்ற சொல் எங்கோ உள்ளே போய் இனித்திருக்க வேண்டும். "சரி, பாடத்தை எப்படி மாத்துறது?" என்றார்.

"அது மேல வந்தா பேசக்கூடாது, தள்ளக்கூடாது, கண்ணால பாக்கவும் கூடாது. கையக் கட்டிக்கிட்டு முதுகைக் காட்டணும். நாலு காலும் தரையில பட்டதும் திரும்பி, முறுக்கைத் தரையில போடணும். கையில குடுத்தா மறுபடி மேல எம்பும். தரையில போட்டா பார்வை தரையிலயே இருக்கும்."

"முதுகைக் காட்டவா? எங்க வீட்ல வாயில்லாச் சீவன் வந்தாக்கூட முகம் குடுத்துப் பேசாம இருந்ததில்ல பாய். எங்க மாமியார் கேட்டிருந்தா என்னையத் தோட்டத்துக்கு அனுப்பியிருப்பாக."

"காலு கீழ பட்டதும் முகம் குடுங்க அம்மா. யாரு வேணாம்னா?"

நிலைமை சீர்ப்படும் முன் மோசமாயிற்று. எல்லோரும் முதுகைக் காட்டத் தொடங்கிய மறுநாள், சீசர் வெறி பிடித்ததுபோல் எம்பியது. முதுகில் ஏறியது, சட்டையைப் பிடித்து இழுத்தது, முன்னால் சுற்றி வந்து குரைத்தது. அசோக் போனில் கூப்பிட்டுக் கத்தினார். "முன்னாடி காலத்தான் வச்சுச்சு பாய்! இப்ப தோள்ல உக்காந்திரும் போலிருக்கு! போதும், விட்ருங்க!"

ஹபீபுக்குப் பரம சந்தோஷம். "அண்ணாச்சி, தினம் திறந்திருக்கிற உங்க கடை ஒரு நாளு பூட்டியிருந்தா, வாடிக்கைக்காரன் சும்மா போயிருவானா? ஷட்டரைத் தட்டுவான். பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். எத்துவான். திறக்கவே இல்லைன்னாத்தான் போவான். இப்ப சீசரு ஷட்டரை எத்துது. இந்த நேரத்துல பாவம்னு திறந்தீகன்னு வைங்க, எத்தினாத்தான் திறப்பாகன்னு கத்துக்கிரும். பொறவு எந்த ஆண்டவனாலயும் முடியாது."

பாத்திரக்காரருக்கு ஷட்டர் புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். தட்டல் மெல்ல மெல்ல அடங்கியது. ஒருநாள் காலை, சீசர் ராமலட்சுமியை நோக்கி ஓடி வந்து, பாதி எம்பி, என்னவோ ஞாபகம் வந்ததுபோல் இறங்கி, சப்பென்று உட்கார்ந்தது. ராமலட்சுமி முறுக்கைத் தரையில் போட்டுவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி கூவினார்: "பாத்தியாடீ சுகப்பிரியா! எம்புட்டுப் படிப்பு படிச்சிருக்கான்!"

அன்றிலிருந்து ஹபீபுக்கு அந்த வீட்டில் வேலை குறைந்துவிட்டது. பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர், வாடகை கேட்டு வந்தவர், எல்லோரையும் ராமலட்சுமியே வாசலில் நிறுத்தி முதுகைக் காட்ட வைத்தார். ஆள் மாற மாறத்தான் பாடம் கெட்டிப்படும் என்று ஹபீப் சொன்னதை அவர் வீட்டு ஆட்களோடு நிறுத்தவில்லை.

வளைகாப்பு அன்று வாசலில் பந்தல். ராமலட்சுமி பட்டுச்சேலையில், முந்தானை மடியில் முறுக்கோடு, கேட்டருகே நின்றார். பக்கத்தில் சீசர், குளித்து, கழுத்தில் மல்லிகைச் சரத்தோடு. சீர்த்தட்டுகளோடு வந்த பெண்களுக்கு வரவேற்பு இப்படி இருந்தது: "வாங்க, வாங்க. செருப்பைக் கழட்டிட்டு, முதுகைக் காட்டிட்டு உள்ள போங்க."

"எதுக்கு மதினி?"

"சொன்னதச் செய்யி. அப்புறம் சொல்றேன்."

ஒவ்வொருத்தரும் தட்டோடு திரும்பி, வானத்தைப் பார்த்து நின்று, உள்ளே போனார்கள். சீசர் உட்கார்ந்தது, முறுக்கு தின்றது, அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தது. கலவை சாதம் பரிமாறத் தொடங்கும்வரை ஒரு சேலையிலும் கறை இல்லை. பந்தலின் அடுத்த கோடியில் ஹபீப் மாப்பிள்ளைத் தோரணையில் உட்கார்ந்திருந்தார்.

ரஹ்மத் நிஷா தாமதமாக வந்தார். வீரசோழன் பஸ் வழியில் நின்றுவிட்டதாம். அவர் கேட்டைத் திறந்தபோது ராமலட்சுமி உள்ளே சந்தனக் கிண்ணம் தேடிப் போயிருந்தார். வாசலில் சீசர் மட்டும். அப்போதுதான் ஹபீபுக்கு உறைத்தது: அருப்புக்கோட்டை முழுவதற்கும் சொல்லிக் கொடுத்ததை வீட்டுக்காரியிடம் மட்டும் சொல்லவில்லை. நாய் இருக்கும் பக்கமே போகாத ஆளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்.

ரஹ்மத் நிஷா செய்யக்கூடாத எல்லாவற்றையும் செய்தார். "யா அல்லாஹ்!" என்று அலறினார். கைகளை மேலே தூக்கினார். அதில் ஒரு கையில் தம்ரூட் இனிப்பு டப்பா, மூடி திறந்து, நெய் மணக்க. சீசரின் கண்ணுக்குள் கண் வைத்துப் பார்த்தார். பழைய சீசருக்கு இதைவிட அன்பான அழைப்பு கிடையாது. அது எழுந்து அவரை நோக்கி ஓடியது. பந்தலே திரும்பிப் பார்த்தது. ஹபீப் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் கண்ணில் ஷார்ஜா விமானம் கதவை மூடிக்கொண்டிருந்தது.

சீசர் ரஹ்மத் நிஷாவின் காலடிக்கு வந்தது. மூக்கை உயர்த்தி நெய் வாசனையை ஒருமுறை இழுத்தது. பின் சப்பென்று உட்கார்ந்தது. வால் மட்டும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

ஒரு தம்ரூட் துண்டு தரையில் விழுந்தது. பயத்தில் கை நழுவியதா, தெரிந்தே போட்டதா என்று ரஹ்மத் நிஷா இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது துண்டை அவர் தெரிந்துதான் போட்டார். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

"தொடவே இல்லையே இது!" என்றார், கொஞ்சம் ஏமாந்த குரலில்.

சந்தனக் கிண்ணத்தோடு ஓடி வந்த ராமலட்சுமி மார்பைத் தட்டிக்கொண்டார். "எங்க பழக்கம் அப்படி!" சுகப்பிரியா இரண்டு கையிலும் வளையல் குலுங்க எழுந்து வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காரியாபட்டி லோடு வண்டியைப் பற்றி அப்புறம் யாரும் பேச்செடுக்கவில்லை. காரியாபட்டியிலிருந்து வந்த ஒரு சித்தி மட்டும், தன் வீட்டு நாயைப் பார்க்க எப்போது வருவீர்கள் என்று ஹபீபிடம் கேட்டுப் போனார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் போன் நம்பர் வாங்கினார்கள். அந்தத் தெருவில் அடுத்து நடந்த வளைகாப்பில், நாயே இல்லாத வீட்டிலும், பெண்கள் வாசலில் ஒருமுறை திரும்பி நின்றுவிட்டு உள்ளே போனதாகக் கேள்வி. சாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

திரும்பும் பஸ்ஸில் ரஹ்மத் நிஷா தம்பிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டார். "சாதிக்கு, விசாவ வேற ஆளுக்குக் குடுத்திரு. உங்க மச்சானுக்கு இங்க வேலை கெடக்கு."

சாதிக் உடனே திருப்பிப் போட்டான். "என்னக்கா வேலை?"

"முதுகைக் காட்டுற வேலை. நல்லாத்தான் செய்றாரு."

ஹபீப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே கொல்லைப்பக்கம் நடந்தார்.

"எங்க போறீக? அதுதான் தொடவே இல்லையே?"

"அது தொடலை" என்றார் ஹபீப். கிளம்பும்போது, யாரும் பார்க்காத நேரம், மல்லிகைச் சரம் தொங்கிய அந்தக் கழுத்தை இரண்டு கையாலும் அணைத்துவிட்டு வந்திருந்தார். அது கன்னத்தையும் ஒரு நக்கு நக்கியிருந்தது.

அவர் கரிசல் மண்ணை அள்ளினார். ரஹ்மத் நிஷா பின்னாலேயே வந்தார். வாளியை எடுத்து, அன்று முதல்முறையாகத் தானே தண்ணீர் ஊற்றினார்.