பிட்யூட்டரியின் நினைவூட்டல்

பதில் வரும்வரை நினைவூட்டல் அனுப்ப வேண்டும், வந்ததும் நிறுத்த வேண்டும் என்பது அலுவலக விதி. எங்கள் பிரிவில் பதில் வந்த பிறகும் நினைவூட்டல் போகும்.

எழுபதுகளில் ஒரு தீபாவளி கழிந்ததும், டெல்லி ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸில் மனைவி எந்நேரமும் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். முகம் உப்பியது. தெற்கத்திக்காரிக்கு டெல்லிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டினேன்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டர், "குளிர் இல்ல சார், தைராய்டு சரியா சுரக்கல. சுரக்கச் சொல்லி மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி ஓயாம ஹார்மோன் அனுப்புது. மாத்திரையால ரத்தத்துல அளவு சரியாயிட்டா, அதுவே குறைச்சுக்கும்" என்றார்.

மேலதிகாரி இல்லாமலே விதிப்படி நடக்கும் ஓர் இலாகாவை முதன்முறையாகக் கண்டு வியந்தேன். வாரக்கணக்கில் மாத்திரை கொடுத்தோம்.

"ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று அவள் எழுந்து வந்து அதட்டியது, டெல்லியே நடுங்கிக்கொண்டிருந்த பொங்கலுக்கு மறுநாள்.