யாரும் எழுந்திருக்கக் கூடாது

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது எங்கள் அம்மா கர்த்தருக்குள் உறங்கி ஓராண்டு நிறைந்திருக்கும். அம்மாவைப் பற்றிக் கண்ணியமாகவும் நிதானமாகவும் எழுத வேண்டும் என்று ஊரிலிருந்து பெரிய மாமா சொல்லி அனுப்பினார். தம்பிக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. ஆகவே பொறுப்பு என் தலையில் விழுந்தது. கண்ணியமாக எழுதிவிடுவேன். நிதானத்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அம்மா திருச்செந்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், பள்ளி ஆசிரியரின் மூத்த மகளாகப் பிறந்தார். பாளையங்கோட்டையில் கணிதம் படித்தார். கல்யாணமான கையோடு, கட்கியில் தொழிற்சாலை வேலை பார்த்த அப்பாவுடன் புனே வந்து, போபோடியில் ஒற்றை அறை வீட்டில் குடித்தனத்தைத் தொடங்கினார். வந்த புதிதில் காய்கறி வண்டிக்காரரிடம் விரலைக் காட்டித்தான் தக்காளி வாங்குவாராம். அதே வண்டிக்காரரிடம் மராத்தியில் சண்டை போடும் அளவுக்குச் சீக்கிரமே தேறிவிட்டார்.

பிறகு கன்டோன்மென்ட் பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனார். அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த காலத்திலும் ஒரு வகுப்பைக்கூடத் தட்டிக்கழித்ததில்லை. கண்டிப்புக்குப் பேர்போனவர். ஆனால் அவர் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது: பரீட்சையே நடந்தாலும் சரி, வயிற்றுவலியோ தலைவலியோ வந்தால் உடனே கை தூக்க வேண்டும். வலியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான் திட்டு விழும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா காலமான வருடமே அம்மாவும் பணி ஓய்வு பெற்றார். மாலை நேரத்தில் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அப்படி ஒரு கோடையில்தான் தம்பி கிரிக்கெட் லீக் மேட்ச் ஒன்றைப் போட்டு அம்மாவை உட்கார வைத்தான். எத்தனை பந்து, எத்தனை ரன், என்ன விகிதம் என்று எல்லாமே கணக்காக இருந்ததால் அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. ஊர்ப்பாசத்தில் சென்னையைத் தேர்ந்தெடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் 'நம்ம டீம்'. அடுத்த வீட்டு சுனந்தா மாவுஷிக்கு (மாவுஷி என்றால் மராத்தியில் சித்தி) மும்பை. இருவரும் ஒரே ஃபிளாஸ்க்கில் டீ குடித்துக்கொண்டே ஒருவர் டீமை ஒருவர் கரித்துக்கொட்டுவார்கள்.

அந்த டீமைப் பற்றி நானும் இரண்டு வார்த்தை சொல்லியே தீர வேண்டும். முதல் நாலு மேட்சை ஜெயித்து ஆசை காட்டும். பிறகு வரிசையாகத் தோற்கும். இனித் தேறாது என்று நாம் கைகழுவிய பிறகு, கடைசி வாரத்தில் உயிர் பிழைத்து வந்து மறுபடியும் கழுத்தை அறுக்கும். வருடா வருடம் இதே கூத்து. ஹிஞ்சேவாடியில் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, டிராஃபிக்கில் நொந்து, பாணேரில் இருக்கும் என் வீட்டுக்குக்கூடப் போகாமல் அம்மாவைப் பார்க்க வந்தால், யாரோ ஒருவன் கேட்சைக் கோட்டைவிட்டதற்கு அம்மா சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருப்பார்.

இதில் பெரிய கொடுமை அந்த விதி. ஒருமுறை தோற்க வேண்டிய மேட்சில், அம்மா பால்கனிக் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததும் நம்ம டீம் ஜெயித்துத் தொலைத்தது. அவ்வளவுதான். டீம் நன்றாக ஆடும்போது யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே இருக்க வேண்டும், யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று சட்டமாகிவிட்டது. தம்பி சமையலறை வாசலில் கால் கடுக்க நின்றிருக்கிறான். நான் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில். மாவுஷி சோபாவின் ஓரத்தில். என்னோடு பாணேருக்கு வந்துவிடுங்கள் என்று நான் கெஞ்சியபோதுகூட, அந்த வீட்டில் பால்கனி வேறு பக்கம் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். இத்தனைக்கும் இவர் கணக்கு டீச்சர்!

சென்ற வருடம் நம்ம டீமின் கடைசி லீக் மேட்ச் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வந்தது. ஜெயித்தால் அடுத்த சுற்றுக்குப் போக வாய்ப்பு உண்டு, தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதற்காகவே அம்மா காலையில் முதல் ஆராதனைக்குப் போய்விட்டு வந்தார். இரண்டாவதாக ஆடிய நம்ம டீமில் ஒரு ஜோடி நிலைத்து நின்றது. வீட்டில் நாங்களும் நிலைத்து நின்றோம். மே மாத வெயிலில் ஃபேன் ஒன்றாம் நம்பரில் முனகிக்கொண்டிருந்தது. கூட்டி வைக்க யாராவது எழுந்திருக்க வேண்டுமே!

அம்மாவின் முகம் வியர்த்து வழிவதை முதலில் பார்த்தவர் மாவுஷிதான். ஃபேனைக் கூட்டுகிறேன் என்று எழப்போனார். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பைட்டோ, பைட்டோ. ஹில்னா நஹி," என்று தன் போபோடி இந்தியில் அவரை அசையாமல் உட்கார வைத்தார். டென்ஷனில் வியர்க்கிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

கடைசி ஓவரில் ஜெயித்தார்கள். நாங்கள் எல்லோரும் துள்ளி எழுந்தோம். அம்மா எழவில்லை.

"ஏட்டி, இப்பம் போலாம்," என்றார் என்னிடம். "பாதி மேட்ச்லயே நெஞ்சு வலிக்க ஆரம்பிச்சிட்டு."

கீழ் வீட்டு ஆட்டோக்காரர் சாதிக் பாய் சட்டைகூட மாற்றாமல் வண்டியை எடுத்தார். மருத்துவமனையில் டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வலி தொடங்கியபோதே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த மீதி வாக்கியத்தை நான் ஒரு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். வயிறு வலித்தால் கை தூக்கு என்று ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர், தன் நெஞ்சு வலித்தபோது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே! யாருக்காக? நம் பெயர்கூடத் தெரியாத பதினோரு பேருக்காக.

மறுநாள் வேறொரு அணி ஜெயித்து, ரன் விகிதத்தில் நம்ம டீமைத் தள்ளிவிட்டது. மருத்துவமனையில் கண் விழித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, நம்ம டீம் என்ன ஆச்சு என்பதுதான். நான் மறைக்கவில்லை. வெளியே போயாச்சும்மா என்றேன்.

"சனியனுவோ," என்றார். பிறகு, "அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம்," என்றார்.

அதற்கடுத்த நாள் காலையில் அம்மாவின் மூச்சு அடங்கியது. மேட்ச் பார்த்தே போய்விட்டாளே என்று அடக்க ஆராதனையில் சிலர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எரிச்சலே.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கியவர்களை மறக்க மாட்டோம். இராப்பகலாகப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் செவிலியர்களுக்கும், வீட்டு ஜெபத்தை நடத்திய போதகருக்கும், ரயிலில் நின்றுகொண்டே வந்துசேர்ந்த சொந்தங்களுக்கும், சாதிக் பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எதன் நடுவில் இருந்தாலும் சரி, வலித்தால் எழுந்துவிடுங்கள்.

சுனந்தா மாவுஷிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இந்த வருடம் நம்ம டீம் ஆரம்பத்திலிருந்தே படுத்துவிட்டது. இருந்தும் மும்பையோடு மோதிய அன்று நாங்கள் மூவரும் பழக்க தோஷத்தில் அவரவர் இடத்தைப் பிடித்தோம். அம்மாவின் நாற்காலி கதவோரம் காலியாகக் கிடந்தது. மும்பை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மாவுஷி சோபாவிலிருந்து எழுந்தார், அறையின் குறுக்கே நடந்தார், ஃபேனை ஐந்தில் வைத்தார். அடுத்த பந்திலேயே அவருடைய டீமில் விக்கெட் விழுந்தது.

தம்பி என்னைப் பார்த்தான். மாவுஷி திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஜாவூ தே," போனால் போகட்டும் என்றார். அந்த மேட்ச் முடியும்வரை அவர் உட்காரவே இல்லை.