நகுலேஸ்வரனின் புதுச் சப்பாத்து

நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. என்னோடு வந்த நகுலேஸ்வரனுக்கு இன்று இடது காலில் மூன்று விரல்கள்தான். சந்தேகம் என்றால் அவனைக் கேளுங்கள்.

1995 மார்ச். இத்தாலியில், பலெர்மோ நகரின் லிபெர்த்தா வீதிப் பக்கம் ஒரே வீட்டில் எங்கள் இருவருக்கும் வேலை. வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோராவுக்கு மதோனியே மலையில் இன்னொரு வீடு இருந்தது. ஈஸ்டருக்கு விருந்தாளிகள் வருகிறார்களாம். போய்க் கூட்டித் துடைத்துவிட்டு வரச் சொன்னார். கார்ப் பாதையைப் பனி மூடியிருந்ததால் ஒற்றையடிப் பாதையால் ஏறினோம். கீழே பூப்பூத்துவிட்டது, மேலே முழங்கால் வரை புதைந்தது. வேலை முடித்து இறங்கும்போது வாய் திறக்கவே சீவன் இல்லை.

பாதி வழியில் ஒரு சின்ன மாதா கோயில். நகுலேஸ்வரன் நின்றான்.

"அண்ணை, ஒருக்கால் கும்பிட்டிட்டுப் போவம்."

"கெதியா வா. கடைசி பஸ் அஞ்சரைக்கு."

எங்கள் புத்தியைப் பாருங்கள்... அந்தப் பனியிலும் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனோம். இத்தாலிக்காரன் எவனும் இதைச் செய்யமாட்டான். எங்களுக்கு மாதாவும் அம்மன்தான்.

இரண்டு நிமிடம்கூட இருக்காது. வெளியே வந்தால் என் சப்பாத்து இருக்கிறது. அவனுடையது இல்லை. முந்தின கிழமைதான் பல்லரோ சந்தையில் புதிதாக வாங்கியிருந்தான்.

பனியைப் பார்த்தேன். காட்டிலிருந்து வெறுங்கால் தடம் ஒன்று வாசல் வரை வந்திருந்தது. வாசலிலிருந்து சப்பாத்துத் தடம் காட்டுக்குத் திரும்பியிருந்தது.

"ஆரோ களவெடுத்திட்டான்" என்றான்.

"இந்தப் பனியிலை வெறுங்காலோடை ஆர் வருவினம்?"

அவன் வாசற்படியில் குந்தினான்.

என் காலுறையையும் சால்வையையும் அவன் கால்களில் சுற்றிக் கட்டினேன். ஊருக்கு இன்னும் ஒரு மணித்தியால நடை. கால் விறைத்தால் வெட்டிவிடுவார்கள். காலில்லாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அவனைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

மூடுபனி இறங்கியது.

கிறீச்... கிறீச்...

பின்னால் யாரோ நடந்தார்கள். நாங்கள் நின்றோம். அதுவும் நின்றது.

"திரும்பிப் பாக்காதேங்கோ அண்ணை."

"ஏன்?"

"அது என்ரை சப்பாத்துச் சத்தம்."

நடந்தோம்.

கிறீச்... கிறீச்...

"எனக்கு ஏலாது. கொஞ்சம் இருப்பம்."

"இருந்தியெண்டா எழும்பமாட்டாய். நட."

சத்தம் கிட்ட வந்தது. என் முதுகுக்குப் பின்னால். ஆனால் மூச்சு விடும் சத்தம் இல்லை...

நான் திரும்பவில்லை.

ஊரின் முதல் விளக்குத் தெரிந்தது.

சத்தம் நின்றது.

ஆஸ்பத்திரியில் அவனுடைய இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது.

மே மாதம் பனி கரைந்ததும் வனக்காவலர்கள் ஒரு பள்ளத்தில் ஒருவரின் உடலைக் கண்டெடுத்தார்கள். டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்பு மலையேறப் போய்க் காணாமல் போனவர். காலில் நகுலேஸ்வரனின் சப்பாத்து. நாங்கள் ஏழு பேர் தங்கும் அறையில் மாறிப்போகும் என்று உள்ளே தமிழில் பெயர் எழுதி வைத்திருந்தான். ஆஸ்பத்திரியில் எங்களைப் பற்றி விசாரித்து, அது என்ன எழுத்து என்று கேட்டுப் பொலிஸ் எங்களிடம் வந்தது.

செத்து ஐந்து மாதம் என்று டாக்டர் சொன்னாராம்.

பொலிஸ் சப்பாத்தை மேசையில் வைத்தபோது நான் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். வருடக்கணக்கில் நடந்ததுபோலத் தேய்ந்து, குதி இரண்டிலும் ஓட்டை விழுந்திருந்தது.