நூற்று நாற்பதாம் பக்கத்துக்குப் போன பத்தி

வெளிநாட்டு வங்கிகள் சிங்கப்பூரில் கடன் பத்திரம் விற்கும்போது, அதற்கான தடித்த ஆவணத்தை எழுதிக் கொடுப்பது என் வேலை. அதை முழுதாகப் படிப்பவர்கள் எழுதிய நான், என்னைத் திருத்தும் மேலதிகாரி, எதிர்த்தரப்பு வக்கீல், அவ்வளவுதான். வாங்குகிறவர் படிப்பார் என்று நாங்கள் யாரும் நினைப்பதில்லை. பொய் சொல்வானேன், படிக்க வேண்டும் என்று ஆசைப்படுவதும் இல்லை.

அப்படிப்பட்ட ஓர் ஆவணத்தில் எனக்கு ரொம்பப் பெருமையான பத்தி ஒன்று இருந்தது. வங்கி ஒரு நாட்டில், பத்திரத்துக்கு இன்னொரு நாட்டுச் சட்டம், விற்பனை இங்கே. வங்கி நொடித்தால் யார் பேச்சு செல்லும்? வங்கியின் சொந்த நாட்டு அதிகாரிகள் இந்தப் பத்திரத்தின் மதிப்பை ஒரே உத்தரவில் பூஜ்யமாக்கலாம், வாங்குபவர் அதற்கு இப்போதே சம்மதிக்கிறார் என்று பதினோரு வரியில், ஓட்டை இல்லாமல் எழுதியிருந்தேன். முதலில் அது நாலாம் பக்கத்தில் இருந்தது. "முன்னால போட்டா பயந்துடுவாங்க லா. எல்லாரும் பின்னாலதான போடுறாங்க," என்றார் வங்கியின் விற்பனைப் பிரிவில் இருந்த ஒரு தமிழர். நூற்று நாற்பதாம் பக்கத்துக்குத் தள்ளினேன். சட்டப்படி அதில் தப்பில்லை.

ஈசூன் பேட்டையில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில், எங்கள் மாடியிலேயே இருந்தார் ஓர் அங்கிள். சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் முப்பது வருஷத்துக்கு மேல் அச்சகம் நடத்தியவர். என் கல்யாணப் பத்திரிகை அவர் அடித்ததுதான். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் கடையை விற்றார். பிள்ளைகள் இல்லை. அந்தப் பணத்தை வைத்துத்தான் அவரும் ஆன்ட்டியும் மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவருடைய வங்கி அதிகாரி கொடுத்த விளம்பரம். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நான் எழுதிய ஆவணத்தின் பத்திரம்.

"வட்டி நல்லா கொடுக்கிறான்மா. வசதியானவங்களுக்கு மட்டும்தானாம், கடை வித்த பணத்தைப் பார்த்து என்னையும் அந்த லிஸ்ட்ல சேர்த்துட்டாங்க. நீங்க லாயராச்சே, இது எப்படி?"

கட்சிக்காரரின் பத்திரத்தைப் பற்றி வெளியே வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. சும்மா இருந்திருக்கலாம். வேறு வக்கீலைக் கேட்கச் சொல்லியிருக்கலாம். மீன்கடைக்காரர் காசுக்காகக் கையை நீட்டியபடி நிற்க, "பெரிய பேங்க்தான் அங்கிள். ஆனா நான் இதைப் பத்தி எதுவும் சொல்லக்கூடாது," என்றேன். ஆவணம் எழுதி எழுதி நாக்கும் அப்படியே பழகிவிட்டது. ஒன்றைச் சொல்வது, உடனே சொல்லவில்லை என்பது. எழுத்தில் இரண்டாவது வாக்கியம் முதலாவதை ரத்து செய்துவிடும். அங்கிள் காதில் விழுந்தது முதலாவது மட்டும்தான்.

இரண்டு வருஷம் கழித்து அந்த வங்கி நொடித்தது. ஒரு வார இறுதிக்குள் அதை வேறொரு வங்கியின் தலையில் கட்டிவிட்டு, பத்திரங்களைப் பூஜ்யமாக்கினார்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் என் பத்தியைப் பாராட்டினார்கள், எந்த நீதிமன்றத்திலும் நிற்குமாம். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நன்றி சொன்னேன். அங்கிள் வாங்கினாரா என்று அதுவரை நான் கேட்டதில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஆன்ட்டி வந்து கூப்பிட்டார். அவர்கள் வீட்டு மேசையில் என் ஆவணம் முழுவதும் அச்செடுத்துக் கிடந்தது.

"முழுசா போச்சாம்மா? பாதியாவது வராதா?" என்று கேட்டார் அங்கிள். "முன்னாடியே சொல்லிட்டோம்கிறாங்க. எங்க சொல்லியிருக்கு, காட்டுங்க."

ஒரே புரட்டில் எடுத்துக் காட்டினேன்.

"தேடாமலே எடுத்துட்டீங்களே?"

"நான் எழுதினது அங்கிள்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ப்ரூஃப் பார்ப்பதுபோல் விரலை ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே நகர்த்திப் பதினோரு வரியையும் படித்தார். "ஒரு தப்பு இல்ல," என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பக்கத்தில் புகார்ப் படிவம். யார் பேச்சைக் கேட்டு வாங்கினீர்கள் என்ற இடம் இன்னும் காலியாக இருந்தது.

"பெரிய பேங்க்னு சொன்ன இவங்க பேரையும் போடுங்கன்னு நேத்துலேருந்து சொல்றேன்," என்றார் ஆன்ட்டி, என்னைப் பார்க்காமலே.

"வேணாம். அவங்க லைசென்ஸ் போயிடும். ஒரு வீட்டுல போனது போதும்."

வங்கி அதிகாரியின் பெயரை மட்டும் எழுதினார். "என் பேரையும் போடுங்க அங்கிள்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அவர் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடும் வரை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மூடியதும் எனக்கு வந்தது நிம்மதி.