எனோக்கின் சொல்லுக்கு இரண்டு சாட்சி

அஞ்சலட்டை செவ்வாய்க்கிழமை காலை வந்தது. அதைப் படித்ததிலிருந்து ஹெப்ஸி கார்ஸைடுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கெட்டிலை அடுப்பில் வைத்தாள், கொதிக்கும் முன்பே இறக்கினாள், மறுபடி வைத்தாள்.

"'வின்னல்' என்ற சொல்லுக்குத் தாங்கள் அனுப்பிய சீட்டு கிடைத்தது. வேறு யாரும் இதை அனுப்பவில்லை. இது அங்கே பேச்சில் வழங்குகிறது என்பதற்கு இரண்டு பேரின் பெயர் தேவை. சனிக்கிழமை அந்தப் பக்கம் அச்சுக்குப் போகிறது."

நாடு முழுதும் கிராமங்களில் புழங்கும் சொற்களையெல்லாம் சேர்த்து அகராதி போடுகிறவர் அந்த அட்டையை எழுதியவர். சொற்களை அனுப்பச் சொல்லி ஆறு வருஷத்துக்கு முன்பு பத்திரிகையில் கேட்டிருந்தார். அன்றிலிருந்து ஹெப்ஸி சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள். முதலில் அனுப்பியவை அப்பாவின் சொற்கள். அப்பா லீட்ஸில் செப்புத் தகட்டில் படம் செதுக்கியவர். தகட்டின் மேல் பூசும் மெழுகுக்கு அவர் 'தரை' என்பார். அமிலம் செப்பை அரிப்பதில்லை, 'கடிக்கும்'. கடிக்கும்போது எழும் குமிழிகளை இறகால் தள்ளிவிடுவது சின்ன வயதில் ஹெப்ஸியின் வேலை. அந்தச் சொற்கள் தொழில் புத்தகங்களிலேயே இருந்தன. யாரும் சாட்சி கேட்கவில்லை.

கணவன் எனோக்கின் சொற்களுக்குப் புத்தகம் கிடையாது. மலைச்சரிவில் நீளமாக நட்ட மரச்சட்டங்களில் ஈரக் கம்பளித் துணியைக் கொக்கியில் மாட்டி, இழுத்து, காயவைக்கிறவன் அவன். துணி சரியாகக் காய்ந்ததும் விரலால் சுண்டினால் உள்ளே மெல்ல அதிரும். அந்த அதிர்வுதான் வின்னல். "வின்னல் வந்தாச்சு, அவுத்துடலாம்" என்பான். பிப்ரவரியில் மார்ச்சளி வந்து நாலே நாளில் போய்விட்டான். அடக்கம் முடிந்த வாரமே அவள் அந்தச் சீட்டை எழுதினாள். அவன் வாயில் இருந்த ஒரு சொல்லாவது அச்சில் நிற்கட்டும் என்று நினைத்தாள்.

சால்வையைப் போர்த்திக்கொண்டு சரிவில் ஏறினாள். எனோக்கோடு இருபது வருஷம் துணி இழுத்த ஜாபெஸ் ஹிர்ஸ்ட் கொக்கிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையில் கேட்டிருந்ததை அவரிடம் சொன்னாள்.

"வின்னலா?" அவர் சிரித்துவிட்டார். "அது உன் வீட்டுக்காரன் வார்த்தைம்மா. அவன் வாய்லேர்ந்து வந்தது. நாங்க கேலி பண்ணுவோம், 'எனோக்கு துணி பாட்டுப் பாடுதுடா'ன்னு."

"நீங்க யாரும் சொன்னதே இல்லையா?"

"நாங்க 'காஞ்சிருச்சு'ன்னுதான் சொல்வோம். காஞ்சதுக்கு என்னத்துக்கு இன்னொரு பேரு?"

ஹெப்ஸி சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜாபெஸ் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என் பேரை எழுதிக்கோ. பக்கத்து வீட்டு வில்ஃபிரட் பேரையும் எழுது. எங்கேயோ இருக்கிற மனுசன் இங்க வந்தா விசாரிக்கப் போறான்?"

"அது பொய்யில்லையா?"

"செத்தவனுக்காகச் சொல்ற பொய்தானேம்மா!"

அவள் எழுதவில்லை. ஆனால் கிளம்பவும் இல்லை. ஈரத்துணி சுமக்கிற பெண்களிடம் கேட்டாள். ஆலைக் கதவில் நின்றவனிடம் கேட்டாள். புதன்கிழமை பக்கத்து ஊர்ச் சரிவுக்கு நடந்துபோய் அங்கேயும் கேட்டாள். ஒவ்வொருவரிடமும் சொல்லைச் சொல்லி, பொருளை விளக்கி, துணியைச் சுண்டியும் காட்டினாள். எல்லாரும் தலையாட்டி மறுத்தார்கள். கால் வீங்கியது. வியாழக்கிழமை பூராவும் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் போகிற வழியில் சரிவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏய் மார்த்தா, வின்னல் வந்தாச்சாடீ?"

"இந்தா, நாலாவது சட்டத்துல வந்துருச்சு!"

ஹெப்ஸி நின்றுவிட்டாள். இரண்டு குரல், இரண்டு பெயர். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதினால் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. மார்த்தா கேய், சூசன்னா டைசன். இருவரும் சரிவில் வேலை செய்கிறவர்கள். வேலையின்போது பேசக் கேட்டேன் என்று எழுதலாம்.

பாதி வழி வரை வேகமாக நடந்தாள். பிறகு நடை தளர்ந்தது. செவ்வாய்க்கிழமை அவர்களிடம் அந்தச் சொல்லைக் கொடுத்ததே அவள்தான். இப்போது அவர்கள் வாயிலிருந்து அதை எடுத்து அகராதிக்காரருக்கு அனுப்பினால், தன் குரலையே சுற்றிவளைத்து அனுப்புகிற மாதிரி.

மேஜையில் உட்கார்ந்து எழுதினாள்: "இந்தச் சொல்லை என் கணவர் எனோக் கார்ஸைட் ஒருவரே சொன்னார். அவர் இறந்துவிட்டார். இப்போது இங்கே சிலர் சொல்கிறார்கள். என் வாயிலிருந்து கேட்டுப் பழகியது அது. அச்சிட வேண்டாம்." யோசித்தால் மனம் மாறிவிடும் என்று ஓட்டமும் நடையுமாகப் போய் அஞ்சல் பெட்டியில் போட்டாள். போட்ட பிறகும் கையை உடனே எடுக்கவில்லை.

திரும்பும்போது பெண்கள் சரிவோரம் உட்கார்ந்து ரொட்டியும் குளிர்ந்த தேநீருமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சூசன்னா தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

"இன்னும் ஒரு துண்டு தின்னா எனக்கு வின்னல் வந்துரும்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஹெப்ஸிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது வயித்துக்குச் சொல்றதில்லை சூசன்னா. துணிக்கு மட்டும்தான். அதுவும் காஞ்சதும் அந்த ஒரு நேரத்துக்கு மட்டும்."

"அட போங்கக்கா, குடுத்துட்டு இப்போ கணக்கு கேக்கிறீங்களா? எங்க வாய்ல எப்படி வருதோ அப்படித்தான் வரும்."

மார்த்தா சற்று நகர்ந்து புல்லில் இடம் விட்டாள். வீங்கிய காலை நீட்டி ஹெப்ஸி உட்கார்ந்தாள்.