கோவில் வாசலில் ஒரு எஃகு உருண்டை

மும்பை தாராவியில் மூன்று கால் உள்ள எதையும் தெருவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பில்டருக்காக வீடுகளை இடிக்க அளக்க வந்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். இது இசக்கிசெல்விக்குத் தெரியாதா? அதே சந்தில் பிறந்தவள். தோல் கிடங்கில் உழைத்த அப்பனின் காசில் ஃபிசிக்ஸ் படித்து, ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தவள். மாஹிம், செம்பூர் என்று அலைந்து இயற்கைக் கதிர்வீச்சை அளப்பது பிழைப்பு. மூன்று கால் ஸ்டாண்டின் மேல் ஒரு எஃகு உருண்டை, உள்ளே வாயு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் கதிர் அதில் பட்டால் துளி மின்சாரம் பிறக்கும். பெட்டி அதை எண்ணாகக் காட்டும். அயனிக்கலம் என்று பெயர். தாராவியின் முறை வந்தபோது கம்பெனி அவளையே அனுப்பியது. யார் செய்த பாவமோ!

கோவில் முன் ஸ்டாண்டை விரித்ததும் கூட்டம் கூடிவிட்டது.

"சொந்தத் தெருவையே இடிக்க அளக்க வந்துட்டாளே, வெளங்குவாளா!" எதிர்வீட்டு முத்துமாரி மண்ணை வாரித் தூற்றினாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கோவில் கமிட்டித் தலைவர் வானமாமலை ஸ்டாண்டை உதைக்கவே காலைத் தூக்கிவிட்டார்.

"அண்ணாச்சி, இது வீட்ட அளக்கதில்ல. கதிர்வீச்சு எம்புட்டு இருக்குன்னு பாக்கது."

"விஷக் கதிரா?" தூக்கிய கால் தரையிறங்கியது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "அப்ப நெறைய இருக்குன்னு எழுதுட்டி. ஒரு பில்டர் பய உள்ள வரமாட்டான்."

"எல்லா ஊர்லயும் இருக்கதுதான் இங்கயும் இருக்கு."

"எழுதுட்டிங்கேன்!"

பக்கத்திலேயே கோவிலின் புதுக் கருங்கல் மேடை. கருங்கல்லிலேயே கொஞ்சம் கதிர் உண்டு; அதன்மேல் வைத்தால் எண் ஏறும். அதனால்தான் மண்தரையில் வை என்பது அவள் வேலையின் முதல் பாடம். மேடைக்குப் பின்னால் இருப்பது அவள் வீடு. அதுவும் இடியப்போகிற வீடுதான். மனசு கேட்டால்தானே? ஸ்டாண்டைத் தூக்கி மேடையில் வைத்தாள். எண் ஏறியது. கூட்டம் கைதட்டியது.

எழுதப் பேனாவை எடுத்தவள் எழுதாமல் மூடினாள்.

"இந்தக் கல்லு பில்டர் ஆபீஸ் தரையிலயும் கெடக்கு அண்ணாச்சி. இதுக்கா அவன் பயப்படுவான்?"

மறுபடி மண்தரையில் நிறுத்தினாள். பழைய எண்ணே வந்தது. அதைத்தான் எழுதினாள்.

"படிச்ச திமிரு! இனி உங்க வீட்டுக்குக் கோவில் பைப்புல தண்ணி கெடையாது," என்றார் வானமாமலை.

"எங்க வீடுந்தான்யா இடியுது!" தெருவே அதிரக் கத்தினாள்.

முத்துமாரி குனிந்து இன்னொரு பிடி மண்ணை அள்ளினாள்.